ஒரு லேபிள்... பதினோரு மாசம்!

'தடய அறிவியல்ல சர்டிபிகேட் வாங்கணும்னா என்னென்ன தகுதி வேணும்? அரைப் பக்கம் எழுதிட்டு வா தம்பி'னு ஆபீஸ்ல சொன்னாங்க. சந்தோஷமா தலையாட்டிட்டேன். இன்டர்ன்ஷிப்ல சேர்ந்து எனக்குக் கிடைச்ச அஞ்சாவது வேலை இது. முதல் நாலும் 'எந்த காலேஜ் கேன்டீன்ல பரோட்டா பெஸ்ட்' ரகம். அதனால மட்டும் இல்லை மக்களே... இந்த சப்ஜெக்ட்டை நான் விசாரிக்கிறதுக்கு எங்க வீட்டுலேயே ஒரு காரணம் இருக்கு. தச்சநல்லூர்ல, எங்க வீட்டு முன் ரூம்ல, தையல் மெஷினுக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்காங்க. என் சித்தி. அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல அரைப் பக்க மேட்டர்!

'சர்டிபிகேட்'ங்கிற ஒரே வார்த்தையை வெச்சுக்கிட்டு மூணு விதமான சரக்கு விக்கிறாங்க. முதலாவது, யு.ஜி.சி. சொல்ற இளநிலைச் சான்றிதழ். 2022 டிசம்பர்ல அவங்க வெளியிட்ட விதிப்படி, டிகிரியில சேர்ந்து முதல் வருஷத்தோட வெளியே வர்றவங்க 40 கிரெடிட் முடிச்சிருக்கணும். அதோட கோடை லீவுல 4 கிரெடிட்டுக்கு ஒரு தொழிற்படிப்பும் முடிக்கணும். அப்பதான் சான்றிதழ். மூணு வருஷத்துக்குள்ள திரும்பி வந்து விட்ட இடத்துல இருந்து தொடரலாம். தியரின்னா 15 மணி நேரம் ஒரு கிரெடிட், பிராக்டிகல்னா 30 மணி நேரம். ஆக, 4 கிரெடிட் பிராக்டிகலுக்கு 120 மணி நேரம் லேப்ல நிக்கணும். கணக்கு அழகாத்தான் இருக்கு. ஆனா, தேசியக் கல்விக் கொள்கையையே ஏத்துக்காத மாநிலம் நம்மளோடது. நம்ம பக்கத்து அரசுக் கல்லூரி ஆபீஸ்ல போய், 'முதல் வருஷத்தோட கிளம்புறேன், சர்டிபிகேட் குடுங்க'ன்னு கேட்டுப் பாருங்க... 'போய் டீ குடிச்சிட்டு வாங்க தம்பி'ம்பாங்க!

ரெண்டாவது, அமெரிக்கா ஸ்டைல். அங்கே இது பெரும்பாலும் தனிப் படிப்பு இல்லை. கெமிஸ்ட்ரியோ பயாலஜியோ மெயினா படிக்கிற பையன், கூடவே சேர்த்து வாங்குற சான்றிதழ். கெமிஸ்ட்ரி லேப், பயாலஜி லேப், புள்ளியியல் எல்லாம் முடிச்சிருக்கணும். ரத்தக் கறையைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி ரத்தம்னா என்னன்னு தெரிஞ்சிருக்கணும்ல!

மூணாவதுதான் நம்ம ஊர்ல அதிகம். தனியார் கல்லூரிகள் நடத்துற மூணு மாசம், ஆறு மாசக் குட்டி கோர்ஸ்கள். ப்ளஸ் டூ-வுல சயின்ஸ் குரூப் படிச்சிருந்தா போதும். என்னை மாதிரி ஏற்கெனவே ஒரு காலேஜ்ல மாட்டிக்கிட்டு இருக்கிறவங்களும் சேரலாம். ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்கவே 2022 ஏப்ரல்ல யு.ஜி.சி. அனுமதி கொடுத்தாச்சே, சர்டிபிகேட் எந்த மூலைக்கு!

இப்படி கோர்ஸ்கள் புதுசு புதுசா முளைக்கிறதுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2024 ஜூலை 1-ல இருந்து குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா புதுச் சட்டம் வந்திருக்கு. அதுல, ஏழு வருஷமோ அதுக்கு மேலேயோ தண்டனை உள்ள குற்றம்னா, தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போய்த் தடயம் எடுக்கணும், அதை வீடியோவும் எடுக்கணும்னு இருக்கு. இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு அஞ்சு வருஷம் டைம். அதாவது, நாடு முழுக்க ஆள் தேவை. ஆனா ஒண்ணை இப்பவே சொல்லிடறேன். ஆறு மாச சர்டிபிகேட்டை எடுத்துக்கிட்டு அரசு லேப் வாசல்ல போய் நின்னா வேலை கிடைச்சிடாது. விஞ்ஞானியா உள்ளே போகப் பொதுவா எம்.எஸ்ஸி. தேவைப்படும். நோட்டீஸ்ல கோட்டும் கண்ணாடியும் போட்ட மாடல், கையில பூதக்கண்ணாடியோட சிரிச்சா நம்பிடாதீங்க!

அரைப் பக்கம் ஓவர். இதோட நிறுத்தியிருந்தா எனக்கு நிம்மதி.

ஆனா, நேர்ல நாலு பேரைப் பார்க்காம எழுதினா எப்படின்னு அபிஷேகப்பட்டிக்கு பஸ் ஏறினேன். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துல குற்றவியலுக்குன்னே தனித் துறை இருக்கு. அங்கே படிக்கிற ஒரு சீனியர் அண்ணன் மரத்தடியில கிடைச்சார். நான் நோட்டை விரிச்சு, 'என்ன தகுதி வேணும்ணே?'ன்னேன். அவர் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

'தம்பி இன்ஜினீயரிங்லா? உம்ம லேப் ரெக்கார்ட்ல இருக்க ரீடிங் எல்லாம் நீரே எடுத்ததாவே?'

எனக்கு எச்சில் இறங்கலை!

உண்மையைச் சொல்றேன். நான் ட்ரிபிள் ஈ, மூணாவது வருஷம். டி.சி. ஷன்ட் மோட்டார்ல லோட் டெஸ்ட்னு ஒரு எக்ஸ்பெரிமென்ட். லோடைக் கூட்டிக் கூட்டி ரீடிங் எடுத்து, கடைசியில எஃபிஷியன்ஸி கர்வ் வரையணும். எங்க பேட்ச்சுக்கு நாலாவது ரீடிங் மட்டும் குரங்கு மாதிரி தாவி எங்கேயோ போய் உட்கார்ந்துக்கிச்சு. நாங்க என்ன செஞ்சோம்? சீனியர் ரெக்கார்டைப் பார்த்து முதல்ல கர்வை வரைஞ்சோம். அப்புறம் கர்வுக்கு ஏத்த மாதிரி ரீடிங்கை எழுதினோம். விடையில இருந்து கேள்விக்குப் போற வித்தை! பத்துக்குப் பத்து. 'வெரிகுட்'. இதைப் படிக்கிற இன்ஜினீயரிங் மக்கள் யாரும் என்னைக் கேவலமா பார்க்க மாட்டீங்கன்னு தெரியும். நீங்களும்தானே!

அண்ணன் சிரிச்சுக்கிட்டே சொன்னார், 'கர்வை முடிவு பண்ணிட்டு ரீடிங் எழுதுதவன் இங்க வரக்கூடாதுவே. இங்க கர்வுங்கது ஒரு மனுஷன்.'

திரும்பி வர்ற பஸ்ல நான் யாரோடயும் பேசலை. சித்தப்பா ஞாபகம்.

2022 டிசம்பர். பிசானத்துக்குப் பயிர் வெச்சிருந்தார் சித்தப்பா. ஆத்துப் பாசனத்துல ஒரு சின்ன ஊர், பேர் வேண்டாம். குத்தகை நிலம். காலையில மருந்தடிக்கப் போனவர் மத்தியானம் வரப்புல விழுந்து கிடந்தார். பக்கத்துல மருந்து டப்பா. ஸ்பிரேயர் முதுகுலேயே இருந்தது. வயசு 44.

மருந்தடிக்கிற ஆளு பக்கத்துல மருந்து டப்பா இல்லாம மல்லிகைப் பூவா இருக்கும்? ஆனா ஊர் சும்மா இருக்குமா? சாயங்காலத்துக்குள்ள, 'கடன் தொல்லையாம்லா, குடிச்சிட்டாராம்'னு டீக்கடையில தீர்ப்பே எழுதியாச்சு. போலீஸ்ல சந்தேக மரணம்னு 174 போட்டாங்க (அது பழைய சட்டத்து நம்பர், இப்ப 194). போஸ்ட்மார்ட்டம் நடந்தது. உள்ளுறுப்புகளை எடுத்து பாட்டில்ல போட்டு கெமிக்கல் டெஸ்ட்டுக்கு அனுப்புறோம், ரிப்போர்ட் வந்ததும் காரணம் தெரியும்னாங்க.

சித்தப்பா அந்த வருஷம் மார்ச்ல ஒரு இன்ஷூரன்ஸ் போட்டிருந்தார். பாலிசி எடுத்து ஒரு வருஷத்துக்குள்ள தற்கொலைன்னா முழுத் தொகை கிடைக்காது. அதனால அவங்களும் ரிப்போர்ட் கேட்டாங்க. சித்தி, ரெண்டு பிள்ளைகள், குத்தகை பாக்கி... எல்லாமே ஒரு பாட்டிலுக்காகக் காத்துக்கிட்டு நின்னுச்சு.

ஒரு மாசம், ரெண்டு மாசம், அஞ்சு மாசம்... அப்பா வாரத்துக்கு ஒரு ஆபீஸ் ஏறி இறங்கினார். ஒவ்வொரு இடத்துலேயும் 'இங்க இல்ல, அங்க கேளுங்க'. ஏழாவது மாசம் ஒரு புண்ணியவான் ஃபைலைத் தேடி எடுத்துக் காட்டினார். பாட்டில் டெஸ்ட்டே ஆகலை! லேபிள்ல இருந்த நம்பர் 217. கூட வந்த கடிதத்துல 211. 'எண் ஒத்துப்போகவில்லை, சரிசெய்து அனுப்பவும்'னு எப்பவோ திருப்பி அனுப்பியிருக்காங்க. அந்தத் தாள் யாரோ ஒருத்தர் மேஜையில தூங்கிக்கிட்டு இருந்திருக்கு. யாரோ ஒருத்தர் ஏழுக்குத் தலையில கோடு இழுக்காம விட்டுட்டார். அதை இன்னொருத்தர் ஒண்ணுன்னு படிச்சு எழுதிட்டார். அவ்வளவுதான். யாரும் கெட்டவங்க இல்லை.

பதினோரு மாசம் கழிச்சு ரிப்போர்ட் வந்தது. 'விஷம் எதுவும் கண்டறியப்படவில்லை.' இதயத்தைத் தனியா பரிசோதிச்சதுல அடைப்பு. மாரடைப்புன்னு டாக்டர் முடிவு எழுதினார். பணம் வந்தது. ஆனா அதுக்குள்ள சித்தி அந்த ஊரைக் காலி பண்ணிட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. பதினோரு மாசமா 'குடிச்சவர் பொண்டாட்டி'யா அங்கே தண்ணி பிடிக்கப் போக முடியலை அவங்களால. ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து டீக்கடையில ஒட்டவா முடியும்?

இதெல்லாம் நடந்தப்ப நான் ப்ளஸ் டூ முடிச்சு காலேஜ் சேர்ந்த பையன். யாரையாவது அடிக்கணும் போல இருக்கும். அடிக்க ஆள்தான் கிடைக்கலை.

அபிஷேகப்பட்டியில இருந்து வந்த பிறகு, லைப்ரரியில தடயவியல் புத்தகங்களை எடுத்து, அந்த பாட்டில் எப்படிப் போகணும்னு தேடிப் படிச்சேன். இரைப்பையும் சிறுகுடல்ல ஒரு பகுதியும் ஒரு பாட்டில். கல்லீரல் துண்டும் சிறுநீரகமும் இன்னொரு பாட்டில். வாய் அகலமான பாட்டிலா இருக்கணும். கெடாம இருக்க, உப்பு இனிமே கரையாதுங்கிற அளவுக்குக் கரைச்ச உப்புத் தண்ணி. ஃபார்மலின் ஊத்தினா விஷத்தைக் கண்டுபிடிக்கிறது சிரமமாயிடும். பாட்டிலை முழுசா நிரப்பக்கூடாது, வாயு உண்டாகி வெடிச்சிடும். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்: அந்த உப்புத் தண்ணியிலேயும் கொஞ்சம் தனி பாட்டில்ல அனுப்பணும். 'விஷம் தண்ணியிலேயே இருந்ததோ'ங்கிற சந்தேகத்தை முன்கூட்டியே தீர்க்கத்தான்! அப்புறம் அரக்கு சீல், அந்த சீலோட மாதிரி, யார் கையில இருந்து யார் கைக்கு எத்தனை மணிக்குப் போச்சுங்கிற எழுத்து. கடைசியா லேபிள். இத்தனையும் சரியா நடந்த கேஸ்லதான் எங்க ஏழு ஒண்ணாச்சு.

இந்த விஷயத்துல தமிழ்நாடு ஒண்ணும் கத்துக்குட்டி இல்லைங்க. விஷம் பார்க்குற லேப்-னு இந்தியாவுல முதல்ல வந்ததே 1849-ல மெட்ராஸ்லதான். 1952-ல ஆளவந்தார் கொலை வழக்கு... ரயில் பெட்டியில, டிரங்குப் பெட்டிக்குள்ள தலையில்லாத உடம்பு மானாமதுரையில கிடைக்க, தலை ராயபுரம் கடற்கரையில கிடைச்சது. டி.என்.ஏ. எல்லாம் கனவுல கூட இல்லாத காலத்துல, ரெண்டும் ஒரே ஆளோடதுதான்னு டாக்டர்கள் நிரூபிச்சாங்க. 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூர் சம்பவத்துல, நம்ம மாநிலத் தடய அறிவியல் துறை இயக்குநரா இருந்த பி.சந்திரசேகரன், சிதறிப்போன துணி, பெல்ட் துண்டுகளைப் பொறுக்கி ஒண்ணு சேர்த்து, குண்டு ஒரு பெண்ணோட உடம்புல கட்டப்பட்டு இருந்ததுன்னு காட்டினார். 2000-ல அவருக்குப் பத்மபூஷண் கிடைச்சது. அந்தத் துண்டுகள்ல ஒண்ணு எங்கே கிடைச்சதுன்னு தப்பா எழுதியிருந்தா? நினைச்சுப் பார்த்தாலே வயித்தைக் கலக்குது.

சரி, முடிவுக்கு வர்றேன். நான் ஒரு ஆறு மாச சர்டிபிகேட் கோர்ஸுக்கு அப்ளை பண்ணிட்டேன். ஆன்லைன் கிளாஸ், ரெண்டு தடவை நேர்ல போய் பிராக்டிகல். தகுதின்னு கேட்டது ப்ளஸ் டூ மார்க் ஷீட், 75 சதவிகித அட்டெண்டன்ஸ், ஒரு ரெக்கார்ட் நோட்டு, கடைசியில வைவா. அப்பாகிட்ட சொன்னப்ப, 'ஏல, மொதல்ல அந்த ரெண்டு அரியரை முடில'ன்னார். நியாயம்தான்.

போன வாரம் காலேஜ்ல சிங்கிள் ஃபேஸ் டிரான்ஸ்ஃபார்மர் லோட் டெஸ்ட். மூணாவது ரீடிங் வழக்கம் போல தாவிடுச்சு. பேட்ச் பசங்க பேனாவை எடுத்தாங்க. நான் என் நோட்டுல மட்டும் வந்ததை வந்தபடி எழுதினேன். 'இதென்ன தம்பி, கர்வ்ல கூனு?'ன்னு சார் கேட்டார். 'வந்தது அதான் சார்'னேன். பத்துக்கு ஆறு. நண்பன் இன்னும் என்னோட பேசலை, ஏன்னா என்னால அவன் நோட்டையும் சார் வாங்கிப் பார்த்துட்டார்!

அப்ளிகேஷன் ஃபார்மை நிரப்பி, தபால்ல போடறதுக்கு முன்னாடி சித்திகிட்ட காட்டினேன். என்ன கோர்ஸ்னு மட்டும்தான் சொன்னேன், ஏன்னு சொல்லலை. சித்தி மெஷினை நிறுத்திட்டு, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு கட்டமா விரலை வெச்சுப் பார்த்தாங்க. பின்கோடு கட்டத்துல விரல் நின்னுச்சு.

'ஐயா, இந்த ஏழு ஒண்ணு மாதிரி இருக்கு. அழிச்சிட்டு எழுதுய்யா.'

'அழிக்கக்கூடாது சித்தி. தப்பா எழுதினது தெரியற மாதிரி ஒரு கோடு போட்டு, பக்கத்துல சரியா எழுதி, இனிஷியல் போடணும்.'

'அப்ப அப்படியே செய்யி'ன்னு பேனாவை நீட்டினாங்க. நான் கோடு போட்டு, பக்கத்துல ஏழு எழுதி, தலையில ஒரு கோடும் இழுத்து, இனிஷியல் போட்டு முடிக்கிற வரைக்கும் மெஷினை ஓட்டாம பார்த்துக்கிட்டே இருந்தாங்க.