வெற்றுப் போத்தலின் விலை

ஜேர்மனிக்கு வந்த புதிதில் என்னை வியக்கவைத்தது வெற்றுப் போத்தல்தான். பிளாஸ்ரிக் போத்தலில் தண்ணீர் வாங்கினால் கூடவே 25 சதம் வைப்புப் பணமாக எடுப்பார்கள். 2003இல் தொடங்கிய நடைமுறை இது. வெற்றுப் போத்தலைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் துண்டு வரும். அதைக் கொடுத்துக் காசைத் திரும்பப் பெறலாம். 40 போத்தல் சேர்ந்தால் 10 யூரோ!

இது எங்களுக்குப் புதிதா? 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கேற்றினோம். சவர்க்காரம் கிடைக்காதபோது பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தோம். அன்று வேறு வழியின்றிச் செய்தோம். இங்கே வசதியுள்ளவர்களும் சூழலைக் காக்கவென்று துணிப்பையுடன் கடைக்குப் போகிறார்கள். மரக்கறித் தோலைப் பசளைக்கெனத் தனியாகச் சேர்க்கிறார்கள்.

கழுவிய போத்தலில் மிளகாய்த்தூள் போட்டுவைக்க இப்போது எனக்குக் கூச்சமில்லை. சகோதரிகளே, இல்லாத காலத்தில் பழகியதை இருக்கிற காலத்திலும் கைவிடாதீர்கள்.