கதவு எத்தனை அங்குலம்? வேலூருக்கு வீல்சேருடன் போகும் குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்வி!

காட்பாடி ஜங்ஷனில் வடக்கே இருந்து வரும் ரயில்கள் நிற்கும்போது இந்தக் காட்சியை அடிக்கடி பார்க்கலாம். முதலில் மடித்த சக்கர நாற்காலி ஒன்று பிளாட்பாரத்தில் இறங்கும். அதன் பின்னாலேயே மூட்டைகள், பிளாஸ்டிக் வாளி, எக்ஸ்ரே கவர்கள். கடைசியாக இரண்டு பேர் கைகளைப் பின்னிக்கொண்டு, நடுவில் ஒருவரை உட்காரவைத்து மெல்ல இறக்குவார்கள். வங்காளியிலோ இந்தியிலோ ஆட்டோ பேரம் தொடங்கும். போக வேண்டிய இடத்தை மட்டும் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. "சி.எம்.சி." என்றால் போதும்.

1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனை அது. இன்று மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், பீகார், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ அங்கே வருகிறார்கள். வருபவர்கள் ஒருநாளில் திரும்புவதில்லை. பரிசோதனை, ரிப்போர்ட், அறுவை சிகிச்சை, பிசியோதெரபி என்று மூன்று வாரம் ஆகும். சிலருக்கு மூன்று மாதமும் ஆகும். அதனால் மருத்துவமனையைச் சுற்றி காந்தி ரோடு, பாபுராவ் தெரு என எங்கு திரும்பினாலும் லாட்ஜ்கள். வங்காள எழுத்தில் போர்டு, வாடகைக்கு கேஸ் அடுப்பு, பாத்திரம். லாட்ஜ் என்று பெயர் இருந்தாலும், அந்தக் குடும்பங்களுக்கு அதுதான் வீடு.

அந்த வீட்டில் நோயாளி குளிக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

"எல்லாம் இருக்கு சார்!"

போனில் விசாரித்தால் லிஃப்ட் இருக்கிறது, அட்டாச்டு பாத்ரூம் இருக்கிறது, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறது என்பார்கள். மூன்றும் உண்மையாகவே இருக்கும். வந்து பார்த்தால், லிஃப்டுக்குப் போகவே ஐந்து படி ஏற வேண்டியிருக்கும். லிஃப்டுக்குள் நாற்காலி நுழைந்தால் கூட நிற்பவருக்கு இடமிருக்காது. அறைக்குள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போகலாம். கடைசியில் பாத்ரூம் கதவு. பல குடும்பங்களின் பயணம் முட்டிக்கொண்டு நிற்பது அங்கேதான்.

தச்சர்களிடம் கேட்டால் கணக்கு எளிது. பாத்ரூமுக்கு வழக்கமாகப் போடும் நிலை இரண்டரை அடி, அதாவது 30 அங்குலம். இரு பக்கச் சட்டங்களையும் கழித்தால் உள்ளே கிடைப்பது 25 அங்குலத்துக்குப் பக்கம். திறந்த கதவின் கனம் அதிலும் ஒரு அங்குலத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் அதிகம் விற்கும் மடக்கு வீல்சேரின் அகலமோ 24 முதல் 26 அங்குலம். அதைத் தள்ளும் கைகளின் முட்டியையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு அங்குலத்தில் என்ன ஆகிவிடும்? 15 வயதுப் பையனை, 50 கிலோ எடையை, அப்பா தினமும் நாலைந்து முறை தூக்க வேண்டிவரும். அம்மா மட்டும் உடன் வந்திருந்தால் அதுவும் நடக்காது. ஒரு மாதத்துக்கு ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடுவதுதான் குளியல். இன்னொன்றை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். கழிவறைக்குப் போவது அவ்வளவு பெரிய பாடு என்பதால், பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். வைத்தியத்துக்கு வந்த ஊரில் புதிதாக ஒரு வியாதி!

இதில் வேடிக்கை, இது அளவெடுப்பதற்குப் பேர்போன வட்டாரம். ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் பகுதி. ஆம்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் ஷூவில் சில மில்லிமீட்டர் பிசகினாலும் சரக்கு திரும்பிவிடும். உணர்ச்சியற்ற பாதங்களுக்கு என்றே காலணி செய்து பார்த்த மண்ணும் இதுதான். தொழுநோயால் மரத்துப்போன காலில் புண் வராமல் காக்க, மென்மையான மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பை உருவாக்கும் வேலை டாக்டர் பால் பிராண்ட் காலத்தில் வேலூரிலும் கரிகிரியிலும் நடந்தது. காலுக்கு அத்தனை நுணுக்கமாக அளவெடுத்த ஊர், கதவை அளக்கவில்லை.

நாற்காலியில் அமர்ந்தபடி அறுவை சிகிச்சை

உடல் செயலிழந்தவர்கள் ஏன் வேலூரைத் தேடி வருகிறார்கள் என்பதற்கு ஒரு பெண்ணின் கதையைச் சொல்லியாக வேண்டும். கொச்சியைச் சேர்ந்த மேரி வர்கீஸ், சி.எம்.சி.யில் படித்த இளம் டாக்டர். 1954 ஜனவரியில் தோழர்களோடு உல்லாசப் பயணம் போன வண்டி கவிழ்ந்தது. தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழ் செயலிழந்துபோனார். இனி வைத்தியம் பார்ப்பது எப்படி என்று ஒடுங்கிக் கிடந்தவரை அறுவை சிகிச்சைக்குத் திரும்ப ஊக்கப்படுத்தியவர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாமே! மேரி அப்படித்தான் செய்தார், சக்கர நாற்காலியில் அமர்ந்து.

பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முன்னின்று உருவாக்கிய மறுவாழ்வு மையம் 1966-ல் பாகாயத்தில் திறக்கப்பட்டது. நோயாளிகளை உள்ளேயே தங்கவைத்துப் பயிற்சி தருவதில் இந்தியாவுக்கே முன்னோடி அது. 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார். 1986-ல் மறைந்தார்.

பாகாயத்தில் கவனிக்க வேண்டியது, குடும்பத்துக்கும் அங்கே பாடம் உண்டு என்பது. கட்டிலில் இருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவது, படுக்கைப் புண் வராமல் எத்தனை மணிக்கொருமுறை புரட்டுவது, சிறுநீர்க் குழாயை எப்படிச் சுத்தம் செய்வது எல்லாவற்றையும் உடன் இருக்கும் அம்மாவோ மனைவியோ கற்றுக்கொண்டு போகிறார்கள். சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர்கள் மறுபடி கூடும் 'ரீஹாப் மேளா'வும் உண்டு. அன்றைக்குப் பரிசோதனை ஒரு பக்கம், போட்டிகளும் பாட்டும் ஒரு பக்கம். உடல் செயலிழந்தவர்கள் வெளியூர்ப் பயணம் போக முடியுமா என்று கேட்பவர்கள் அந்த நாளில் பாகாயம் போய்ப் பார்க்கலாம்.

மையத்துக்குள் வாசல் அகலம், சாய்தளம் உண்டு, சுவரில் கைப்பிடி உண்டு. வெளி நோயாளியாகி லாட்ஜுக்குப் போன அன்று, கற்றதில் பாதி பாத்ரூம் வாசலில் நின்றுபோகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 'பொதுக் கட்டடம்' என்று சொல்வது அரசு அலுவலகத்தை மட்டும் இல்லை. பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் அதில் அடக்கம். லாட்ஜும் அதற்குள் வரும். ஏற்கெனவே உள்ள கட்டடங்களை மாற்றியமைக்க, விதிகள் வந்த 2017 ஜூனிலிருந்து ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டது. அது முடிந்து வருடங்கள் ஆகின்றன. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை என்று சட்டத்தில் இருக்கிறது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த வசதிகளைப் பரிந்துரை அளவில் விட்டுவைத்த விதி செல்லாது, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் கொண்டுவாருங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

மத்திய அரசின் 2021-ம் ஆண்டு வழிகாட்டுதல்படி கதவின் திறப்பு 900 மில்லிமீட்டர், ஏறக்குறைய மூன்று அடி. நாற்காலி திரும்ப ஐந்து அடி வட்டம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம். கணக்குப் போட்டால், வாசலில் ஒன்றரை அடி உயரப் படிக்கட்டு இருந்தால் 18 அடி சாய்தளம் வேண்டும். ஒரு பலகையைச் சாய்த்துவைத்து 'ராம்ப் இருக்கு' என்பது ஏமாற்று வேலை. இறங்கும்போது நாற்காலியோடு குப்புற விழ நேரும்.

பழைய தெருவில் 18 அடிக்கு எங்கே போவது என்று லாட்ஜ்காரர்கள் கேட்டால், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தரைத்தளத்தில் ஒரே ஒரு அறையின் பாத்ரூம் நிலையைப் பெயர்த்து மூன்றடி ஆக்க அது பதிலாகாது. ஒரு கொத்தனாரும் ஒரு தச்சரும் சில நாளில் முடிக்கக்கூடிய வேலை. மாதக்கணக்கில் தங்கும் வாடிக்கையாளர்கள் தேடி வரும் அறையாக அது இருக்கும்.

போனில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் பாருங்கள்

"வீல்சேர் போகுமா?" என்று கேட்காதீர்கள். போகும் என்றுதான் பதில் வரும். பாத்ரூம் கதவின் உள் அகலம் எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். டேப் வைத்து அளந்து போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். தெருவில் இருந்து அறை வரை நடந்தபடி ஒரு நிமிட வீடியோ கேட்டால், மறைந்திருக்கும் படிகள் எல்லாம் அதில் தெரிந்துவிடும். ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் வீட்டுக்காரர் குறிப்பிடும் ஒவ்வொரு வசதிக்கும் போட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். போட்டோ இல்லாத வசதியை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

முன்பதிவுக்கு முன் அப்பாயின்ட்மென்ட் சீட்டையும் பாருங்கள். விபத்து, நரம்பியல் உள்ளிட்ட பிரிவுகள் இப்போது நகரத்துக்கு வெளியே, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகத்தில் இருக்கின்றன. பழைய மருத்துவமனைக்கு எதிரே ரூம் எடுத்துவிட்டு, தினமும் வண்டியில் ஏற்றி இறக்கி அவதிப்படுபவர்கள் உண்டு.

அறை கொஞ்சம் குறுகலாகத்தான் கிடைத்தது என்றால் ஒரு வழி: பாத்ரூம் கதவைக் கீலில் இருந்து கழற்றிவிட்டுத் திரை கட்டித் தரச் சொல்லலாம். ஒரு அங்குலத்துக்கு மேல் மிச்சமாகும். நடுவில் துளையுள்ள சக்கரம் வைத்த கமோட் நாற்காலி வீல்சேரைவிட ஒடுக்கமானது, கையோடு கொண்டுவந்தால் குளியலும் அதிலேயே முடியும். கீசர் தண்ணீரை வீட்டுக்காரர் கைவிட்டுப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு வியர்ப்பதே நின்றுபோகலாம். வேலூர் வெயிலில் அவர்களுக்கு ஏ.சி. அறை ஆடம்பரம் கிடையாது.

ஒருநாளாவது வெளியே!

மருத்துவமனை, லாட்ஜ், மருந்துக்கடை என்றே வாரங்கள் ஓடும் குடும்பத்துக்கு ஒரு மாலை நேரம் வெளியே போவது பெரிய விஷயம். வேலூர் கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. அகழி, கருங்கல் மதில், 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி நடந்த இடம். உள்ளே வரை வண்டி போகும், சமதளம் அதிகம் என்பதால் நாற்காலியைத் தள்ளுவது எளிது. ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் போக நினைப்பவர்கள் மட்டும், பழைய கற்கோயில்களுக்கே உரிய உயர்ந்த வாசற்படிகளுக்குத் துணைக்கு இரண்டு பேரோடு போகவேண்டும். 2007-ல் திறந்த ஸ்ரீபுரம் பொற்கோயிலில் நட்சத்திர வடிவப் பாதை ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நீளும். தள்ளுகிறவருக்கும் சேர்த்துத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

வார இறுதியில் கொஞ்சம் தூரம் போகலாம் என்றால் ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஏலகிரி. ஆம்பூரில் சீரக சம்பா பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் சாப்பிடாமல் தாண்ட மனசு வராது. கடை வாசலில் படி இருந்தால் பார்சல் வாங்கி வண்டியிலேயே சாப்பிடுங்கள், ருசி குறையாது. ஏலகிரியில் வாடகைக்கு விடும் காட்டேஜ்கள் நிறைய. சரிவில் கட்டியவை என்பதால் சாலையில் இருந்து வீட்டுக்குப் படிகள் ஏறியோ இறங்கியோதான் போக வேண்டியிருக்கும். அதனால் 'ஏரி வியூ'வைவிட, கார் வாசல் வரை வருமா என்பதை முதலில் கேளுங்கள். மலைமேல் புங்கனூர் ஏரிக்கரையில் காற்று வாங்கலாம்.

மேலே போக 14 கொண்டை ஊசி வளைவுகள். இடுப்பில் பிடிமானம் இல்லாதவருக்கு ஒவ்வொரு வளைவிலும் உடம்பு ஒரு பக்கம் சாயும், சீட் பெல்ட் மட்டும் போதாது. மார்புக்குக் குறுக்கே அகலமான பட்டை ஒன்று கட்டி, உள்பக்கம் துண்டு மடித்து வையுங்கள், தோல் உரசாமல் இருக்கும். பட்டையை மறந்து வந்திருந்தால் கவலை வேண்டாம். வழியில் ஆம்பூர் இருக்கிறது, அளவெடுத்துத் தைத்துத் தருவார்கள்.