கால் தூங்குது

12.10.2024, சனி. விஜயதசமி

ஆறு மணிக்கே திடல்ல. தேங்காய், வெத்தலை பாக்கு, எங்க வாத்தியாரு படம். கம்புக்கட்டை அவிழ்த்து ஒவ்வொண்ணுக்கும் மஞ்சள் வெச்சேன். பழசு எல்லாம் வந்தாச்சு. புதுசு பதினொண்ணு. பதினொண்ணும் நிக்காது. தை வரைக்கும் அஞ்சு தங்கினா பெரிசு.

சலாம் மட்டும் சொல்லிக் கொடுத்தேன். குனி, தரையைத் தொடு, நெத்தியில ஒத்திக்கோ. ஒரு அப்பா பைக்கை விட்டு இறங்காமலே கேட்கிறார், "மாஸ்டர், சர்டிபிகேட் எப்ப வரும்?" இன்னும் கம்பே கையில தரலை. 2021-ல அரசு வேலை 3 சதவீத ஒதுக்கீட்டுல சிலம்பத்தைச் சேர்த்தாலும் சேர்த்தாங்க, முதல் கேள்வியே அதுதான். கேட்கிறது தப்புன்னும் சொல்ல முடியலை. அவர் கல்லு உடைக்கிறவர். பையனும் அதையே செய்யணும்னு எந்த அப்பன் நினைப்பான்.

வலது தோள் விண்விண்ணுங்குது. இந்த வருஷத்தோட நிறுத்திடணும். போன விஜயதசமிப் பக்கத்தைப் புரட்டினேன். அங்கயும் இதே வரி.

13.10, ஞாயிறு

காலடி. வெறுங்கை. ஒருத்தனுக்கும் பிடிக்கலை. யூடியூப்ல பார்த்துட்டு நெருப்புக் கம்பு சுத்தணுமாம்.

குட்டைன்னு ஒரு பொடியன், அவனைக் கூட்டிட்டு அவன் ஆயா வந்திருந்தாங்க. கொண்டுவந்து விட்டுட்டுப் போவாங்கன்னு பார்த்தா, வேப்பமரத்தடியில கால் நீட்டி உட்கார்ந்து வெத்தலைப் பையை அவிழ்த்துட்டாங்க. கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்புறம் ஊருக்கே கேட்கிற மாதிரி, "கால் தூங்குது வாத்தியாரே, கால் தூங்குது."

பசங்க சிரிப்பு. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

20.10, ஞாயிறு

ஓட்டம். கல்மரப் பூங்கா வேலியோரமா கூட்டிட்டுப் போனேன். புதுசுங்கள்ல பாதிப் பேர் இதே ஊர்ல பிறந்து உள்ள போனதே இல்லை. உள்ள கூட்டிட்டுப் போனேன். படுத்துக் கிடக்கிற கட்டையைத் தட்டிப் பார்க்குதுங்க. ரெண்டு கோடி வருஷம்னு சொன்னேன். நம்பலை. ரெட்டைச்சடை கேட்கிறா, "மாஸ்டர், இதுல கம்பு செஞ்சா உடையவே உடையாது இல்ல?" உடையாது, தூக்கவும் முடியாதுன்னேன். ஒரு வெள்ளைக்காரன், சோன்னெராத், 1781-லயே இதைப் பார்த்து எழுதி வெச்சிருக்கான். அதைச் சொல்ல ஆரம்பிச்சப்போ யாரும் நிக்கலை, ஐஸ் வண்டி வந்துடுச்சு.

ஆயா இன்னைக்கும். "வரிசை கோணலா நிக்குது"ன்னு நான் கத்தினா, "விடு வாத்தியாரே, இந்த ஊர்ல கொடிமரம், நந்தி, சாமியே ஒரு நேர்ல இல்லை"ங்கிறாங்க. அதுக்கு என்ன பதில் சொல்றது.

27.10, ஞாயிறு

வி.சாலையில விஜய் மாநாடு. பெரிய பசங்க ஒருத்தனும் இல்லை. வந்தது மூணு பொண்ணுங்க, குட்டை, ஆயா. போன்ல எல்லாருக்கும் திட்டி வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம்னு எடுத்தேன். அனுப்பலை. இந்த மூணு பொண்ணுங்களுக்கும் என் கண்ணு முழுசாக் கிடைச்சது இன்னைக்குத்தான். பசங்க இருந்தா அவனுங்க சத்தத்துக்கே நேரம் போயிடுது. ரெட்டைச்சடைக்குப் பின்வீச்சு மணிக்கட்டுல இருந்து வருது. தோளை இழுக்கவே இல்லை. எங்க கத்துக்கிட்டா?

தோள் பரவாயில்லை.

31.10, வியாழன். தீபாவளி

எண்ணெய்க் குளியல். வீட்டுக்காரி என் தோள்ல நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்ச்சுவிட்டா. தேய்ச்சுக்கிட்டே, "ஊருக்கெல்லாம் மாஸ்டரு, நம்ம வீட்டுல ஒரு ஆணி அடிக்க ஆள் இல்லை." ஆணி அடிச்சேன். வலிச்சுது.

3.11, ஞாயிறு

புதுசு ஏழு. நாலு பேர் காணோம். ஒருத்தன் கராத்தேக்குப் போயிட்டானாம், திண்டிவனத்துல. அங்க மூணு மாசத்துல மஞ்சள் பெல்ட். எங்கிட்ட மூணு மாசத்துல சலாமும் காலடியும். நான் அப்பனா இருந்தாலும் அங்கதான் அனுப்புவேனோ என்னவோ.

வகுப்புப் பொண்ணுங்கள்ல பெரியவ வந்தா. யூனிபார்மோட, டியூஷன் பையோட. பன்னெண்டாவது, இனிமே வர முடியாது மாஸ்டர்னு சொல்ல வந்திருக்கா. செப்டம்பர்ல முதலமைச்சர் கோப்பை, விழுப்புரத்துல, மாவட்டத்துல மூணாவது. ரெண்டாவது வந்தவளைவிட இவ கால் சுத்தம். நான் சொன்னா நம்பிக்கைக்குச் சொல்றேன்னு நினைப்பா. சரிம்மா, படின்னேன். கம்பை என்ன பண்றதுன்னு கேட்டா. வீட்டுல வெச்சுக்கோ, தண்ணியில நனைச்சு எண்ணெய் போட்டு வை, காய விடாதே. தலையாட்டினா.

சாப்பிடத் தோணலை.

10.11, ஞாயிறு

ஆயாகிட்ட நானே போய் உட்கார்ந்தேன். அவங்க அப்பா மயிலம் பங்குனி உத்திரத்துல சாமிக்கு முன்னால கம்பு சுத்திட்டுப் போனவராம். இவங்களைத் தொட விடலை. திண்ணையில உட்கார்ந்து பார்த்ததுதான். "அவரு மூணாவது அடியில குதிகாலைத் தரையில வைக்க மாட்டாரு. உங்க பசங்க வைக்கறாங்க. அதான் தூங்குதுன்னேன்."

எங்க வாத்தியாரு குதிகாலை வைக்கச் சொல்வார். ரெண்டும் வேற பாணி. விளக்கினேன். கேட்டுட்டு வெத்தலையைத் துப்பிட்டுச் சொன்னாங்க, "அப்ப உங்க வாத்தியாரும் தூங்கியிருக்காரு."

கோபம் வரணும். சிரிப்பு வந்துச்சு. வீட்டுக்கு வந்து மாடியில தனியா நின்னு குதிகாலைத் தூக்கிப் பார்த்தேன். திரும்புறது லேசா இருக்கு. யாருகிட்டயும் சொல்லலை.

15.11, வெள்ளி. பௌர்ணமி

வக்கிரகாளி கோயில் ஜோதிக்குக் கூட்டம். புதுச்சேரி, விழுப்புரம், சென்னை வண்டியெல்லாம் நம்ம திடல்ல. சாயங்காலம் வகுப்புக்கு வந்த பிள்ளைங்க வண்டிக்கு நடுவுல நிக்குதுங்க. பன்னெண்டு மணிக்கு ஜோதி, கூட்டம் கலைய ரெண்டாகும். பசங்க தண்ணி பாட்டில் வித்துக் காசு பார்த்தானுங்க. நல்ல பொழைப்பு. மாசம் நூறு ரூபாய் வகுப்புக் காசை மட்டும் யாரும் நினைவு வெச்சுக்கிறதில்லை.

17.11, ஞாயிறு

திடல் பூரா எலுமிச்சைத் தோல், பிளாஸ்டிக் கப். வகுப்பு நேரத்துல பாதி பொறுக்கவே போச்சு. கிரஷர் தூசி வேற. இருமல்.

புதுக் கம்பு வேணும். பிரம்பு ஒண்ணு நானூறு சொல்றான். கல்மூங்கில் வாங்கி நாமே பதம் பண்ணலாம். தேய்பிறையில வெட்டினதான்னு கேட்டு வாங்கணும், இல்லைன்னா உளு விழுந்துடும். வாத்தியாரு மூங்கிலை முகர்ந்து பார்த்தே சொல்வார். எனக்கு அந்த மூக்கு வாய்க்கலை.

தோள். நிறுத்திடணும். பங்குனியோட.

29.11, வெள்ளி

நாலு நாளா புயல் இதோ வருது அதோ வருதுன்னு டிவி. பெஞ்சல்னு பேரு. கிரஷர் மூடிட்டாங்க. கூலி இல்லை. எனக்கு எடைமேடையில மாசச் சம்பளம், தப்பிச்சேன். கம்புக்கட்டு பம்புசெட் கொட்டாயில இருக்கு. நாளைக்கு எடுத்து வரணும்.

30.11, சனி

எடுக்கலை. வெளிய தலை நீட்ட முடியலை. ராத்திரி கரை கடக்குதாம். கரண்ட் இல்லை.

1.12, ஞாயிறு

நிக்கவே இல்லை. புயல் கரைக்கு வந்து அங்கயே உட்கார்ந்துடுச்சுங்கிறாங்க. மயிலத்துல 51 சென்டிமீட்டர். அந்த எண்ணைக் கேட்டப்போ போன்ல தப்பா விழுந்ததுன்னு நினைச்சேன். மயிலம் என்ன தூரம். வீடூர் அணை திறந்துட்டாங்க. ஆத்துச் சத்தம் வீட்டுக்குள்ள கேட்குது. குழந்தைங்க வீடு ஒவ்வொண்ணும் கண்ணுக்கு முன்னால வருது. தாழ்வான வீடு எது, ஓடு எது, கூரை எது.

போன் சார்ஜ் 9.

2.12, திங்கள்

தண்ணி வடியலை. திடல் எங்க முடியுது ஆறு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியலை. கொட்டாய் இருந்த இடத்துல மோட்டார் மேடு மட்டும். பெரிய பசங்க, மாநாட்டுக்குப் போனவனுங்க, இடுப்பளவு தண்ணியில நின்னு பால் பாக்கெட்டும் பிரெட்டும் கை மாத்திக் கொடுக்கறானுங்க. கால் அகட்டி, முட்டி மடக்கி. நான் சொல்லிக் கொடுத்த நிலை. வருஷக்கணக்கா கத்தியும் திடல்ல நிக்காதவன் அங்க நிக்கறான்.

குட்டை வீடு பூட்டிக் கிடக்கு. ஆயா?

5.12, வியாழன்

கரண்ட் இல்லை. கொசு. ரேஷன் கார்டுக்கு ரெண்டாயிரம் அறிவிச்சிருக்காங்க. அரையாண்டுப் பரீட்சை ஜனவரிக்குப் போகுதாம்.

குட்டை குடும்பம் சொந்தக்காரங்க வீட்டுல, செஞ்சிப் பக்கம். எல்லாரும் நல்லாருக்காங்கன்னு பெட்டிக்கடையில சொன்னாங்க. சொன்னவங்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

8.12, ஞாயிறு

கம்பு தேடினோம். ஆத்தோரம் சீமைக்கருவேல முள்ளுல அங்கொண்ணு இங்கொண்ணா சொருகிக் கிடக்கு. ரெட்டைச்சடை முழங்கை பூரா கீறல், அழலை, மத்தவங்களை எண்ணிக்கிட்டு நிக்கறா. பாதிக்கு மேல கிடைச்சுது. பிரம்பு ஒண்ணும் இல்லை, எல்லாம் கடலுக்கு. வாத்தியாரு கம்பு மட்டும் கிடைக்கலை. அவர் கைபட்டு நடுவுல கறுத்துப்போன கம்பு. அதைப் பிள்ளைங்ககிட்ட சொல்லலை. சொன்னா திரும்பவும் முள்ளுக்குள்ள இறங்குங்க.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திட்டு உட்கார்ந்தேன். இவ எதுவும் கேட்கலை. தோசை வார்த்தா.

15.12, ஞாயிறு

திடல் பூரா வண்டல். வெடிச்சுக் கிடக்கு. மண்வெட்டி எடுத்துட்டு வாங்கன்னு சொல்லியிருந்தேன். அப்பாக்களும் வந்துட்டாங்க. சர்டிபிகேட் அப்பாதான் முதல்ல இறங்கினார். கல்லு உடைக்கிற கை, மண்வெட்டி அவர்கிட்ட விளையாட்டுச் சாமான். மதியத்துக்குள்ள பாதித் திடல் சமம். போறப்ப கேட்டார், "மாஸ்டர், அந்த சர்டிபிகேட்டு..." சிரிச்சுட்டேன். அவரும்.

22.12, ஞாயிறு

ஆயா! பஸ்ல வந்து இறங்கினாங்க, குட்டையைப் பிடிச்சுக்கிட்டு. முகம் வத்திப்போச்சு. வேப்பமரம் சாய்ஞ்சிடுச்சு, அடிமரத்து மேலயே ஏறி உட்கார்ந்துட்டாங்க. நனைஞ்ச கம்பெல்லாம் போச்சுன்னு நான் புலம்பினா, "மூங்கிலுக்குத் தண்ணி புதுசா? வைக்கோல்ல காட்டு, வேப்பெண்ணெயைத் தடவு"ங்கிறாங்க.

காட்டினோம். சூட்டுல வளைவை நிமிர்த்தறப்போ மூங்கில் முனகும். பிள்ளைங்களுக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. கை பூரா வேப்பெண்ணெய் நாத்தம். சோத்துல நாறுது.

29.12, ஞாயிறு

ஒருத்தனைப் பார்த்து, "கால் தூங்குதுடா"ன்னு என் வாயில வந்துடுச்சு. ஆயா திரும்பிப் பார்க்காம வெத்தலை மடிச்சாங்க.

12.1.2025, ஞாயிறு

காணும் பொங்கலுக்கு ஆட்டம் போடணும்னு ஊர்ல கேட்டிருக்காங்க. நெருப்பு வேணுமாம். நெருப்பு இல்லைன்னேன். நெருப்பு இல்லாம யாரு பார்ப்பாங்கன்னு கேட்டாங்க. யாரும் பார்க்க வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். வர்ற வழியெல்லாம் யோசனை. குழந்தைங்களுக்குக் கூட்டத்துல ஆடணும்னு ஆசை இருக்காதா. போய்ச் சரின்னு சொன்னேன். நெருப்பு மட்டும் இல்லை.

16.1, வியாழன். காணும் பொங்கல்

ஆடினாங்க. மைக்செட்காரன் சினிமாப் பாட்டு போட்டுக் கெடுத்தான். புதுசுல நின்னது ஆறு. ஆறும் ஆடுச்சு. குட்டை கம்பைத் தவற விட்டான், எடுத்தான், சலாம் போட்டுட்டுத் திரும்ப ஆரம்பிச்சான். தவற விட்டா சலாம் போடணும்னு நான் சொல்லியே கொடுக்கலை. ஆயா வேலையா இருக்கும்.

பெரியவ கூட்டத்துல. கையில புக்கு. பரீட்சை முடிஞ்சதும் வரேன் மாஸ்டர். சரி. எண்ணெய் போட்டியா கம்புக்கு? முழிக்கிறா. போடலை.

கடைசியில நானும் சுத்தினேன். கேட்டதால. குதிகாலைத் தூக்கித்தான். தோள் இப்ப எரியுது, கையைத் தூக்கிச் சட்டை கழட்ட முடியலை.

26.1, ஞாயிறு

ஸ்கூல்ல கொடியேத்தம், பிள்ளைங்க அஞ்சு நிமிஷம் ஆடினாங்க. மிட்டாய்.

பேப்பர்ல பத்மஸ்ரீ. பறைக்கு வேலு ஆசான். கூத்துக்குப் புரிசை கண்ணப்ப சம்பந்தன். தவிலுக்குப் புதுச்சேரி தட்சணாமூர்த்தி. மூணு பேர் போட்டோவையும் பிள்ளைங்களுக்குக் காட்டினேன். ரொம்ப சந்தோஷம். மத்தியானம் படுத்தப்போ பொறாமை. எங்க வாத்தியாரு பேரு எந்தப் பேப்பர்லயும் வந்ததில்லை, செத்தப்பகூட. போன வருஷம் கேலோ இந்தியாவுல சிலம்பத்தைச் செயல்விளக்கத்துக்கு வெச்சப்போ அவர் இருந்திருந்தா, நாலு நாளைக்கு அதையே பேசியிருப்பார்.

ஆயா தனக்கொரு கம்பு வேணுங்கிறாங்க. கடைக்குப் போறப்ப நாய் துரத்துதாம். நெத்தி அளவுக்கு ஒண்ணு எடுத்துக் கொடுத்தேன். இடுப்பளவுக்கு வெட்டித் தாங்கிறாங்க. நல்ல கல்மூங்கில், வெட்ட மாட்டேன்னேன். வாங்கிட்டுத் திட்டிக்கிட்டே போனாங்க.

2.2, ஞாயிறு

புதுசா ரெண்டு பொண்ணுங்க. வருஷ நடுவுல சேர்க்கிறதில்லைன்னு சொன்னேன். சேர்த்துக்கிட்டேன். சலாம்ல இருந்து.

வகுப்பு நடுவுல ஒரு டிப்பர் திடல்ல ஏறித் திரும்புது. சமம் பண்ணின இடத்துல ரெண்டு பட்டை. டிரைவர் கண்ணாடியை இறக்கவே இல்லை. நம்பர் எழுதி வெச்சிருக்கேன். நாளைக்கு எடைமேடைக்கு வந்துதான் ஆகணும் அவன். பேசணும். கம்பை எடுத்துட்டுப் போகக் கூடாது.