உடுக்கைக்கு டிக்கெட் இல்லை

பெரம்பலூரிலிருந்து திருச்சி பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் சிறுவாச்சூர் வந்துவிடும். மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் களைகட்டும். ஒரு பக்கம் மாவிளக்குக்கு அரிசி இடிக்கும் உலக்கைச் சத்தம். உச்சிகால பூஜைக்கு முன் உடுக்கை எழும். பாட்டுப் பாடி, பெரியசாமி மலையிலிருந்து அம்மனை அழைப்பது அங்கே வழக்கம். மதுரையை எரித்த கண்ணகிதான் சினம் தணிந்து இங்கே வந்து அமர்ந்தாள் என்பது ஊர்க்கதை.

கும்பிட்டு நிற்கும் கூட்டத்தில் யாரும் அதை இசை நிகழ்ச்சி என்று நினைப்பதில்லை. ஆனால் டிக்கெட் இல்லாமல், பாஸ் இல்லாமல், முன்வரிசை நாற்காலிக்குச் சண்டை இல்லாமல் வாரம் இரண்டு நாள் நடக்கிற இசை விழா அது!

கிழக்கே அரியலூர் மாவட்டத்துக்குப் போனால் விழா பெரிதாகிவிடும். கங்கைகொண்டசோழபுரத்தில் ராஜேந்திர சோழன் பிறந்த ஆடித் திருவாதிரை கொண்டாட்டம். 2025 ஜூலை 23 முதல் 27 வரை நடந்த விழாவை நாடே பார்த்தது. நிறைவு நாளில் பிரதமர் வந்தார். இளையராஜா திருவாசகம் இசைத்தார். ராஜேந்திரன் பெயரில் ஆயிரம் ரூபாய் நாணயம் வெளியானது.

திருவிழா என்றாலே இலவசம்தானே, அதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். பார்க்கிறவர்களுக்கு இலவசம். வாசிக்கிறவர் கதை வேறு.

இந்த விஷயத்தில் ராஜேந்திரனின் அப்பா ராஜராஜன் கறாரான ஆள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதையெல்லாம் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல். பாடியவர்களுக்கும் வாத்தியம் வாசித்தவர்களுக்கும் தனித்தனியே பங்கு. மக்கள் சும்மா பார்த்தார்கள். கலைஞர் சும்மா ஆடவில்லை.

இன்று? பந்தலுக்கும் சீரியல் செட்டுக்கும் பேசின தொகையை எண்ணிக் கொடுக்கிற விழாக் கமிட்டி, மேளக்காரரிடம் மட்டும் ‘நம்ம சாமிதானே, பார்த்துக் குறைச்சுக்கப்பா’ என்கிறது. தை பிறந்தால் ஆடி வரை நாட்டுப்புறக் கலைஞருக்குக் கொஞ்சம் அழைப்பு உண்டு. ஐப்பசி மழை பிடித்தால் பறைத் தோலும் தொய்ந்துவிடும், அழைப்பும் தொய்ந்துவிடும். பிறகு சித்தாள் வேலை, இல்லாவிட்டால் மக்காச்சோளக் காட்டில் களையெடுப்பு. இவர்களுக்காக 2007-ல் அரசு நல வாரியம் அமைத்தது. அது நல்ல காரியம்தான். ஆனாலும் கலைஞர் எதிர்பார்ப்பது உதவித்தொகைக்கு முன்னால், மேடையும் உரிய கூலியும்.

பறைக்குக் கூலியைவிடப் பெரிய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. மரச்சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, வைக்கோல் தீயில் காய்ச்சி, ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறு கையில் மெலிந்த நீளக்குச்சியுமாக அடிக்கும்போது கால் தானாகத் தாளம் போடும். அத்தனை துள்ளலான வாத்தியத்தைச் சாவு வீட்டுக்கென்று ஒதுக்கி, அடிப்பவரையும் தெருக்கோடியில் நிறுத்தியது சாதி. சில ஊர்களில் ‘இனி சாவுக்கு அடிக்க மாட்டோம்’ என்று பறையைக் கீழே வைத்தவர்களும் உண்டு. அதே பறைக்காக மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்த மாற்றத்தில் இலவச விழாக்களுக்குப் பங்கு உண்டு. 2007-ல் ‘சென்னை சங்கமம்’ தொடங்கியபோது, பூங்காவுக்கு நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் கரகத்தையும் பறையையும் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தார்கள். இடையில் நின்றுபோன விழாவை 2023-ல் ‘நம்ம ஊரு திருவிழா’ என்று அரசே மறுபடி நடத்தியது. துக்கம் எதுவும் இல்லாத ஓர் இடத்தில், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு பறை கேட்பது பலருக்கு அதுவே முதல் முறையாக இருந்திருக்கும்.

பிறகு தஞ்சாவூர் உள்ளிட்ட 8 ஊர்களுக்கும் விழாவை விரித்தார்கள். அந்தப் பட்டியலில் பெரம்பலூரும் இல்லை, அரியலூரும் இல்லை. இந்த மாவட்டங்களின் கலைஞர் மேடை ஏற வேண்டுமானால் வேறு ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டும். ஆட்டம் எங்கே பிறந்ததோ அந்த ஊர்ப் பிள்ளைகள் அதை யூடியூபில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்! பெரிய செலவெல்லாம் தேவையில்லை. ஒரு பள்ளி மைதானம், நாலு டியூப் லைட், குழுவுக்கு முன்பணம், தோல் காய்ச்ச ஒரு கட்டு வைக்கோல். அப்புறம் ஒவ்வொரு குழுவுக்கும் அரை மணி நேரமாவது வேண்டும். ஐந்து நிமிஷத்தில் மைக்கைப் பிடுங்கினால், ஆட்டம் சூடு பிடிக்கும் முன்பே கைத்தட்டல் வந்துவிடுகிறது.

இப்படி விழா நடக்கிற இடங்களில், ஆட்டம் முடிந்ததும் செல்போனில் வீடியோ எடுத்த பையன்கள் மேடைக்குப் பின்னால் போவதைப் பார்க்கலாம். வியர்வை துடைத்துக்கொண்டிருப்பவரிடம் முதலில் ஒரு செல்ஃபி. அப்புறம் மெதுவாக ஒரு கேள்வி: “அண்ணே, அக்கா கல்யாணம் வைகாசியில. உங்களுக்கு அன்னைக்குத் தேதி இருக்குமா?”