காஸ்பரின் ஓட்டு

அன்புள்ள தேனு,

 குட்டிக்குக் காய்ச்சல் விட்டதா? 

எவாஞ்சலியன் அனிமே தொடரின் 26 எபிசோடுகளையும், அதற்குப் பிறகு 1997இல் வந்த படத்தையும் பார்த்து முடித்துவிட்டாய் என்று அறிந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆனால் அதில் வரும் விஞ்ஞானி நவோகோ அகாகியைப் பற்றி நீ எழுதியிருந்த வரிகள் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தன. "பெற்ற மகளைக் கவனிக்கவில்லை, ஊரான் வீட்டுக் குழந்தையின் கழுத்தை நெரித்தாள், இவளுக்கு என்ன வக்காலத்து வேண்டிக்கிடக்கிறது?" என்று கேட்டிருந்தாய். சிறுமி ரேயை அவள் கொன்றதற்கு நான் வக்காலத்து வாங்கவே மாட்டேன். நவோகோ ஆசைவைத்திருந்த அவளுடைய மேலதிகாரி கெண்டோ இகாரி அவளைப் பற்றி இழிவாகச் சொன்னதை அந்தக் குழந்தை அப்படியே ஒப்பித்தது. கோபம் அவன்மேல், கை விழுந்தது குழந்தைமேல். அது கொலைதான். ஆனால் அந்த ஓர் இரவை வைத்து அவளை முடித்துவிடாதே.

மேகி என்று மூன்று கம்ப்யூட்டர்களை அவள் கட்டினாள் இல்லையா, மெல்கியோர், பால்தசார், காஸ்பர்? ஏசு பிறந்தபோது கிழக்கிலிருந்து வந்த மூன்று ஞானிகளின் பெயர்கள். மனித மனத்தையே கம்ப்யூட்டருக்குள் இறக்கிவைக்கும் முயற்சி அது. நவோகோ இறக்கிவைத்தது தன் மனத்தை. விஞ்ஞானியாக இருக்கும் நவோகோ ஒன்றில், தாயாக இருக்கும் நவோகோ ஒன்றில், பெண்ணாக இருக்கும் நவோகோ ஒன்றில். மூவரும் ஒத்துப்போகும்படி அவள் அமைக்கவில்லை. ஒருத்தி சரி என்று சொல்வதை இன்னொருத்தி மறுக்கட்டும் என்று வேண்டுமென்றே அந்தப் பிணக்கை உள்ளே விட்டுவைத்தாள். டோக்கியோ-3 நகரத்தின் நிர்வாகமே இந்த மூன்று ஓட்டில்தான் நடக்கிறது. அந்தத் தொடரில் யார் கட்டியதைக் காட்டிலும் பெரிய சாதனை இதுதான் என்பது என் எண்ணம். பிரம்மாண்டமான அந்த எவா என்கிற செயற்கை மனித உருவங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

13ஆவது எபிசோடை மறுபடி ஒருமுறை பார். 1995 டிசம்பரில் ஒளிபரப்பான எபிசோடு. நகரத்தைத் தாக்க வரும் ஏஞ்சல்களில் ஒன்றான இருல், கண்ணுக்கே தெரியாத அளவில், பூஞ்சைபோலப் படர்ந்து மேகிக்குள் நுழைகிறது. முதலில் மெல்கியோர் விழுகிறது. விழுந்ததும், மேகி இருக்கும் தலைமையகத்தையே வெடிக்கவைத்து அழித்துவிடலாம் என்று அது யோசனை வைக்கிறது. மூன்றும் ஒருமித்தால்தான் அது நடக்கும். மற்ற இரண்டும் மறுக்கின்றன. பிறகு பால்தசாரும் விழுகிறது. மிச்சம் காஸ்பர் மட்டும். நவோகோவின் மகள் ரிட்சுகோ அதன் மூடியைத் திறந்து, தவழ்ந்து உள்ளே போகிறாள்.

அங்கே படத்தை நிறுத்திவைத்துப் பார், தேனு. குழாய்களின்மேல், சுவரின்மேல், கை எட்டும் இடமெல்லாம் சீட்டு சீட்டாக ஒட்டியிருக்கிறது. எல்லாம் மேகியைக் கட்டியவர்கள் எழுதிவைத்த ரகசியக் குறிப்புகள். கூட வந்த உதவியாளர் மாயா அதைப் பார்த்து வாயடைத்துப் போகிறாள். வேலைக்கான குறியீடுகளுக்கு நடுவே ஒரு சீட்டில் இகாரியை முட்டாள் என்று திட்டிக்கூட எழுதியிருக்கிறது! ரிட்சுகோ அவற்றைப் படித்துவிட்டு, அம்மாவுக்கு நன்றி சொல்கிறாள், இனி நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்று. வேலை செய்யும் இடத்தில் யாரோ எப்போதோ விட்டுப்போன குறிப்பைப் படித்துத்தான் நான் பாதி நாள் பிழைக்கிறேன். அதனால் அந்தக் காட்சியில் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். செத்துப்போன அம்மா மகளுக்கு விட்டுவைத்தது நகையோ வீடோ இல்லை. ஒட்டுத்தாளில் கிறுக்கிய குறுக்குவழி. ரிட்சுகோவுக்குத் தேவைப்பட்டதும் அதுதான். காஸ்பர் முழுதாக விழுவதற்கு முந்தைய நொடியில் காரியம் முடிகிறது.

எல்லாம் ஓய்ந்தபின் ரிட்சுகோவின் சிநேகிதி மிசாடோ காப்பி கொண்டுவந்து தருகிறாள். அப்போதுதான் ரிட்சுகோ மனம் திறக்கிறாள். தான் தாயாகப் போவதில்லை, அதனால் தாயாக இருந்தவளைத் தனக்குப் புரியாது, விஞ்ஞானியாக அம்மாவை மதித்தாள், பெண்ணாக வெறுத்தாள். கடைசிவரை தாக்குப்பிடித்த காஸ்பரில் இருந்ததோ அந்தப் பெண். தான் வெறுத்த பாகம்தான் தன்னைக் காப்பாற்றியது என்று தெரிந்தே அவள் அந்தக் காப்பியைக் குடிக்கிறாள்.

நீ மகளைக் கவனிக்காதவள் என்று எழுதியதும் எனக்கு 21ஆவது எபிசோடில் வரும் கடிதங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. ரிட்சுகோ பல்கலைக்கழகத்திலிருந்து எழுதுகிறாள், மிசாடோ என்று ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள் என்று. நவோகோ பூமிக்கடியில் இருக்கும் ஆராய்ச்சிக்கூடத்திலேயே அடைந்து கிடக்கிறாள், பொட்டலச் சாப்பாடு அலுத்துவிட்டது என்று பதில் போடுகிறாள். மகளைச் செல்லமாக ரிச்சான் என்று கூப்பிடுகிறாள். நல்ல அம்மா என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் பாசமே இல்லாதவள் என்று எப்படிச் சொல்வது? அவளிடம் பாசமும் இருந்தது, மேகியை முடிக்க வேண்டும் என்ற வெறியும் இருந்தது, கெண்டோமேல் ஆசையும் இருந்தது. மூன்றில் எதையும் அவள் மறைக்கவில்லை. மூன்றையும் கம்ப்யூட்டரில் பதித்துவிட்டுப் போனாள்.

இயக்குநர் ஹிடேயாகி ஆன்னோமேல் எனக்குக் கோபம் உண்டு. இந்தத் தொடரில் விஞ்ஞானியாக இருக்கும் அம்மாக்கள் ஒருவரும் பிழைப்பதில்லை. கதாநாயகன் ஷின்ஜியின் அம்மா யூய், கதையின்படி 2004இல், சின்னப் பிள்ளையான அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எவாவுக்குள் கரைந்துபோகிறாள். எவாவை ஓட்டும் அசுகாவின் அம்மா கியோகோ பரிசோதனைக்குப் பிறகு புத்தி பேதலித்து, பொம்மையை மகள் என்று கொஞ்சி, தூக்கில் தொங்குகிறாள். நவோகோ 2010இல், மேகி முடிந்த கையோடு, அதன் மேலேயே விழுந்து சாகிறாள். அறிவுள்ள தாய் என்றால் அவள் ஒரு மெஷினுக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்று விதிபோல வைத்திருக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை.

இப்போது படத்துக்கு வருகிறேன். ரிட்சுகோவும் அதே கெண்டோவிடம் ஏமாந்தவள். அவள் தலைமையகத்தை வெடிக்கவைக்கும் ஒரு புரோகிராமை மேகிக்குள் தானே வைத்துவிட்டு, கீழே அடைத்துவைத்திருக்கும் லிலித் என்ற ஏஞ்சலின் முன்னால் அவனை எதிர்கொள்கிறாள். அம்மாவையும் சேர்த்தே கூப்பிடுகிறாள், சேர்ந்து சாவோம் என்று. பொத்தானை அழுத்துகிறாள். ஒன்றும் நடக்கவில்லை. காஸ்பர் மறுத்துவிட்டது. மகளைவிட அந்த ஆண்தான் பெரிதாகப் போய்விட்டானா என்று அம்மாவைக் கேட்கிறாள். கெண்டோ சுடுகிறான்.

நீ இதைத்தான் நவோகோவின் கடைசித் துரோகம் என்கிறாய். நானோ இதையும் 13ஆவது எபிசோடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: எல்லோரையும் சேர்த்துக் கொளுத்திவிடலாமா? இரண்டு இடத்திலும் காஸ்பரின் ஓட்டு ஒன்றுதான்: கூடாது. முதல்முறை நாம் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். இரண்டாம்முறை அதே ஓட்டைத் துரோகம் என்கிறோம். வெளியிலிருந்து படை நுழைந்து ஆட்களைச் சுட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில், மாயா மேலே உயிரோடு இருந்தாள், ஷின்ஜி இருந்தான். ரிட்சுகோ சொன்ன காரணமே உண்மையாகவும் இருக்கலாம், கெண்டோவுக்காகவே காஸ்பர் மறுத்திருக்கலாம். ஆனால் அந்த ஓட்டு அவர்களையும் காத்தது.

இன்னொன்று சொல்கிறேன், இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை. மறுத்தது காஸ்பர் ஒன்றுதான் என்றால், மற்ற இரண்டும் சம்மதித்திருக்க வேண்டும். பால்தசார் தாய். அப்படியானால் தாயாகிய நவோகோ மகளோடு சேர்ந்து சாக ஒப்புக்கொண்டிருக்கிறாள்! ரிட்சுகோ திரையில் அந்த ஒரு மறுப்பை மட்டும் பார்த்தாள். மகள் பக்கம் விழுந்த ஓட்டைப் பார்க்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. எனக்கு அந்தப் படத்திலேயே பெரிய துக்கம் இதுதான்.

நீ பால்தசாரைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கட்டாயம் எழுது. ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. குட்டி உன்கூட உட்கார்ந்து பார்க்கிறான் என்று எழுதியிருந்தாயே, 13ஆவது எபிசோடு வரை பரவாயில்லை; 21உம் 23உம், அந்தப் படமும் அவன் வளர்ந்தபிறகு பார்க்கட்டும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா