மோங் கோக்கா, வோங் கோக்கா?

ஹாங்காங்கின் கவுலூன் பகுதியில் மெட்ரோ ரயிலில் போகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் தானாகவே வந்துவிடும். ஆங்கில அறிவிப்பில் 'மோங் கோக்' என்று வரும் நிலையம் கான்டனீஸ் அறிவிப்பில் 'வோங் கோக்' ஆகிவிடும். விசாரித்த இடத்திலெல்லாம் வெள்ளைக்காரன் காதில் தப்பாக விழுந்ததை எழுதிவைத்துவிட்டான் என்றார்கள். வெள்ளையர் ஆண்ட ஊர்களில் இந்த விளக்கம் எப்போதும் கைவசம் இருக்கும். அதனாலேயே எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

1819ஆம் ஆண்டின் சின்-ஆன் வட்டாரக் குறிப்பேட்டில் பிடி கிடைத்தது. பிரிட்டிஷ்காரர்கள் வருவதற்கு முன்பே இங்கே ஹக்கா மக்களின் சிற்றூர் ஒன்று இருந்திருக்கிறது. அதன் பெயரே மோங் கோக். 'மோங்' என்பது பெரணி என்கிறார்கள் சிலர். நாணல் மாதிரி வளரும் புல் என்கிறார்கள் வேறு சிலர். 'கோக்' என்பது கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த நிலமுனை. மண் கொட்டி நிரப்பியதில் கடல் இப்போது மேற்கே தள்ளிப் போய்விட்டது.

மற்ற தடயங்களைத் தெருப்பலகைகளிலேயே படிக்கலாம். துங் சோய் தெரு என்றால் வள்ளைக்கீரைத் தெரு. இன்று அதுதான் 'லேடீஸ் மார்க்கெட்'. நண்பகலில் இரும்புக் குழாய்களை முடுக்கி, தார்ப்பாய் போர்த்திக் கடை எழுப்பி, கைப்பைகளைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிடுகிறார்கள். சாய் யியுங் சோயும் கீரைதான், ஓடைநீரில் வளர்வது. ஃபா யூன் என்றால் பூந்தோட்டம். அங்கே இப்போது வரிசையாக ஸ்போர்ட்ஸ் ஷூ கடைகள். சாய் யீ தெருவின் பெயர் துணி துவைத்ததால் வந்தது.

வயல்கள் மறைந்து கடைகள் பெருகிய பிறகு, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சீன எழுத்தை மாற்றினார்கள். 'வோங்' என்றால் செழிப்பு, வியாபாரம் களைகட்டுவது. புதர் மண்டிய பெயரை வைத்துக்கொண்டு கல்லாவில் உட்கார யாருக்குத்தான் பிடிக்கும்? ஆங்கில எழுத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். தப்பு என்று எல்லோரும் சொல்லும் எழுத்துக்கூட்டில்தான் பழைய ஊர் பிழைத்துக் கிடக்கிறது.

அந்த எழுத்துக்கூட்டு வளரவும் செய்கிறது. 1979இல் திறந்தபோது ரயில் நிலையத்தின் ஆங்கிலப் பெயர், பக்கத்துச் சாலையை ஒட்டி, 'ஆர்கைல்'. 1985இல் அதை எடுத்துவிட்டு 'மோங் கோக்' என்று வைத்தார்கள். 1994இல் மாவட்டங்களை இணைத்து மூன்று பேட்டைகளின் பெயரையும் சுருக்கிப் புதுப்பெயர் சூட்டினார்கள்: யாவ் ட்சிம் மோங். சீனத்தில் அதுவே யாவ் ட்சிம் வோங்!

வோங் கார்-வாய் இயக்கிய முதல் படத்தின் (1988) சீனத் தலைப்பு 'வோங் கோக் கார்மென்'. அடியாட்களின் கதை. பேட்டைக்கு அப்படியும் ஒரு பேர் உண்டு. பிறகு வந்த கேலிச்சொல் 'எம்.கே. பையன்': முடிக்குச் சாயம் பூசி, மினுக்கும் உடுப்போடு இந்தத் தெருக்களில் திரியும் இளவட்டம். கான்டனீஸ் பேசுகிறவர்களே உண்டாக்கிய சொல் இது. ஆயுள் முழுக்க 'வோங்' என்றே சொல்லிப் பழகியவர்கள், நக்கலடிக்க மட்டும் 'மோங்'கின் முதலெழுத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.