வண்டியா, மனிதரா?

மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றதும், "வாத்தியாருக்கு இந்தப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது?" என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அதைக் குறித்து நமக்கு வெட்கமில்லை. பந்தயத்தைவிடப் பந்தயமில்லாத மாதங்களே அதிக ரஸமானவை என்பது நமது அனுபவம். நவம்பரில் கடைசிப் பந்தயம் முடியும். இன்னார் இன்ன கம்பெனியை விட்டு இன்ன கம்பெனிக்குப் போகிறார் என்று செய்தி வரும். அன்று முதல் அடுத்த ஸீஸன் தொடங்கும் வரையில் ரஸிகர்களுக்கு உறக்கம் ஏது?

அத்தகைய காத்திருத்தல்களில் மறக்கவொண்ணாதது 2003-ஆம் வருஷக் கடைசியில் நேர்ந்தது. இத்தாலி தேசத்து ஸ்ரீ வாலெண்டினோ ரோஸி 2001, 2002, 2003 ஆகிய மூன்று வருஷங்களிலும் ஹோண்டா வண்டியில் உலகப் பட்டம் பெற்றவர். அவர் யமஹாவுக்குப் போனார். 2003-ல் நடந்த 16 பந்தயங்களில் 15-ஐ ஹோண்டா வண்டிகளே ஜயித்திருந்தன. யமஹாவுக்கு ஒன்றுகூட இல்லை. யமஹாவில் ஏறிப் பட்டம் வென்ற கடைசி வீரர் அமெரிக்கரான வெய்ன் ரெய்னி, அதுவும் 1992-ல். மச்சு வீட்டை விட்டு ஒழுகும் வீட்டுக்கு ஒருவர் குடி போவானேன்?

அப்போது நாம் கலாசாலைப் படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தோம். டீக்கடை பெஞ்சியில் நண்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடுவார்கள். "வண்டிதானய்யா ஜயித்தது! யாரை உட்கார வைத்தாலும் ஜயிப்பான்" என்பது ஒரு கட்சி. "ஓட்டத் தெரிந்தவனுக்கு எந்த வண்டியானால் என்ன?" என்பது மற்றொன்று. நாம் இரண்டாவது கட்சி. வேலையற்ற வாலிபனுக்கு அதைத் தவிர வேறு ஆறுதல் ஏது?

ஹோண்டாவுடன் செய்த ஒப்பந்தம் முடிந்த பிறகு, ஜனவரியில்தான் மலேசியாவின் ஸெபாங் மைதானத்தில் ரோஸி புது வண்டியை ஓட்டிப் பார்த்தார். 2004 ஏப்ரல் 18-ந் தேதி, தென் ஆப்பிரிக்காவில் வெல்கம் என்ற ஊரில் முதல் பந்தயம். ஹோண்டாவில் வந்த மாக்ஸ் பியாஜி கடைசி வரையில் விடவில்லை. கால் விநாடிக்கும் குறைந்த வித்தியாசத்தில் ரோஸி ஜயித்தார். பிறகு பாதையோரம் வண்டியை நிறுத்தி, அதனருகில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார். எழுந்து வண்டியை முத்தமிட்டார். அவ்வருஷம் 9 பந்தயங்களை ஜயித்துப் பட்டத்தையும் பெற்றார்.

நமது கட்சி வென்றதென்று குதித்தோம். ஆனால் 2011-ல் அதே ரோஸி டுகாட்டிக்குப் போனார். இத்தாலி வீரரும் இத்தாலி வண்டியும் சேர்ந்தால் கேட்பானேன் என்று அந்தக் குளிர்காலம் முழுவதும் காத்திருந்தோம். இரண்டு வருஷத்தில் ஒரு பந்தயமும் ஜயிக்கவில்லை! டுகாட்டியிலிருந்து ஹோண்டாவுக்குப் போன கேஸி ஸ்டோனரோ அந்த 2011-லேயே பட்டம் வென்றார். அவர் 2007-ல் டுகாட்டியிலும் பட்டம் வென்றவர்.

அப்பொழுதுதான் ஒன்று விளங்கிற்று. 2004-ல் ரோஸி தனியாகப் போகவில்லை. ஜெரமி பர்ஜஸ் என்னும் தலைமை மெக்கானிக்கும் கூடப் போனார். அங்கே மஸாவோ புருஸாவா என்ற என்ஜினீயர் என்ஜின் வெடிக்கும் முறையையே மாற்றி வைத்திருந்தார். வண்டியும் மனிதரும் மட்டுமல்ல, சொல்வோரும் கேட்போரும் பொருந்த வேண்டும்.

இதெல்லாம் இப்போது நினைவுக்கு வரக் காரணம் உண்டு. நமக்கு வயது நாற்பதைக் கடந்துவிட்டது. நமது பள்ளிக்கூடத்தில் ஆண்டுதோறும் எல்லோரும் தேறுகிறார்கள். பொறுக்கியெடுத்த பிள்ளைகள், தேறாமல் என்ன செய்வார்கள்? ஆயினும், "எல்லாம் ஸாரால்தான்" என்று பெற்றோர் சொன்னபோது நாம் ஒருநாளும் மறுத்ததில்லை. சென்ற மாதம் ஒரு கிராமப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. கணக்கில் பாதிப் பேர் தவறும் பள்ளி, சம்பளமும் குறைவு. தயங்கினோம். நம் மனைவி கேட்டாள்: "இத்தனை வருஷம் ஜயித்தது நீங்களா, உங்கள் பள்ளிக்கூடமா? தெரிந்துகொள்ள வேண்டாமா?"

சம்மதக் கடிதம் எழுதிவிட்டோம். அங்கே கணக்குப் போதிக்கும் இளம் ஆசிரியரிடம் பேசிய பிறகே வகுப்பில் நுழைவோம் என்றும் அதில் ஒரு வரி சேர்த்தோம். டுகாட்டி கற்பித்த பாடம் அது. ஜூனில் பள்ளி திறக்கிறது. நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறோம், உள்ளதைச் சொன்னால், சிறிது பயமாகவும் இருக்கிறது.